தெஃப்ட், ராபரி, பர்க்ளரி: எங்கே எந்தச் சொல்?

கேள்வி இது: ஆங்கில நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் தெஃப்ட், ராபரி, பர்க்ளரி, டகாய்ட்டி, எக்ஸ்டார்ஷன் என்று விதவிதமாக எழுதுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் திருட்டு, கொள்ளை என்ற இரண்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை ஒரே சொல்லைத் திரும்ப எழுதச் சலித்துப்போய் நிருபர்கள் மாற்றிப் போடுகிறார்களா? மர்டர்–ஹோமிசைட், அசால்ட், பெயில்–பரோல் ஆகியவற்றையும் சேர்த்து விளக்க முடியுமா?

வித்தியாசம் உண்டு. நிருபர்கள் மாற்றிப் போடுவதும் உண்டு. இரண்டாவதால்தான் முதலாவது நம் கண்ணில் படாமல் போகிறது.

சட்டத்துக்குப் போகும் முன் வெறும் ஆங்கிலத்தைப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் நன்றாக வழிகாட்டும். ஸ்டீல் என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வருவது பொருள்தான்: பணம், செயின், பைக். ராப் என்றால் பறிகொடுத்த ஆள் வருவார், அல்லது பேங்க், கடை போன்ற இடம் வரும். பர்கிள் என்றால் வீடோ கட்டடமோ வரும். ஆகவே 'மை ஃபோன் வாஸ் ராப்ட்' என்று நம்மில் பலர் எழுதுவது தவறு. ஃபோன் ஸ்டோலன், நான் ராப்ட், வீடு பர்கிள்ட். பர்கிள் என்பதை அமெரிக்கர்கள் பர்க்ளரைஸ் என்று நீட்டுவார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது காதில் உறுத்தும், ஆனால் தவறில்லை.

அதாவது நடந்ததை ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. எது போனது என்று கேட்டால் தெஃப்ட். யாரை மிரட்டினார்கள், அடித்தார்கள் என்று கேட்டால் ராபரி. எதற்குள் நுழைந்தார்கள் என்று கேட்டால் பர்க்ளரி. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், நம் நாட்டுச் சட்டத்தில், டகாய்ட்டி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியைத் தீர்க்க அகராதி உதவாது, சட்டப் புத்தகம்தான் உதவும். மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. 1860இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பிரிவு எண்கள் தலைகீழாக மாறிவிட்டன. ஆனால் இந்தக் குற்றங்களின் இலக்கணமும், அதைவிட முக்கியமாக உதாரணங்களும், பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. மெக்காலே மீது நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். ஆனால் ஒரு சொல்லின் எல்லை எது என்று குட்டிக் கதை போட்டுக் காட்டும் இந்த முறைக்கு ஈடாக எந்த ஆங்கில அகராதியையும் நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்கே இதைச் சிபாரிசு செய்வேன்.

தெஃப்டை எடுத்துக்கொள்வோம். அசையும் பொருள், இன்னொருவரின் கைவசம் இருப்பது, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது. இவ்வளவும் சேர்ந்தால்தான் தெஃப்ட். 'நகர்த்துவது' என்பதைக் கவனியுங்கள். எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்றில்லை. சட்டத்தில் வரும் ஒரு உதாரணம்: ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அடுத்தவர் நாய் வாசனை பிடித்துப் பின்னாலேயே வருகிறது. நாயைக் கடத்துவதுதான் அவன் எண்ணம் என்றால், அது அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த நொடியிலேயே தெஃப்ட் முடிந்துவிட்டது. பெட்டி நிறையப் பொக்கிஷம் சுமந்துவரும் காளையை வேறு திசையில் ஓட்டினாலும் அப்படியே: காளை ஓர் அடி வைத்தால் போதும். மரத்துக்கு வேறு கணக்கு. வேரோடு நிற்கும்வரை அது அசையாச் சொத்து, அதைத் திருட முடியாது. திருடும் எண்ணத்தோடு வெட்டித் துண்டித்ததும் தெஃப்ட்.

எனக்கு மிகவும் பிடித்தது கைக்கடிகார உதாரணம். கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தீர்கள். கூலி பாக்கி. கடைக்காரர் சட்டப்படி, கூலி வரும்வரை கடிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அவருக்கு அந்தப் பிடிமானம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போனால், உங்கள் கடிகாரத்தையே நீங்கள் திருடியதாக ஆகும். காரணம், தெஃப்ட் உடைமையைப் பார்ப்பதில்லை, கைவசத்தைப் பார்க்கிறது.

இதே காரணத்தால்தான் நடுரோட்டில் கிடக்கும் மோதிரத்தை எடுத்துக்கொள்வது தெஃப்ட் ஆகாது. அது யார் கையிலும் இல்லையே! அதற்காக எடுத்து விரலில் மாட்டிக்கொள்ளலாம் என்று இல்லை. அது மிஸ்அப்ரோப்ரியேஷன், அதாவது பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது, என்ற வேறு குற்றமாகலாம். ஊருக்குப் போகிறவர் தன் வெள்ளிப் பாத்திரங்களைக் கிடங்குக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார், கிடங்குக்காரர் அவற்றைத் தட்டாரிடம் விற்றுவிடுகிறார். இதுவும் தெஃப்ட் ஆகாது, பிரீச் ஆஃப் டிரஸ்ட், அதாவது நம்பி ஒப்படைத்ததில் செய்யும் மோசடி. ஏனென்றால் பொருள் கிடங்குக்காரர் கைவசம்தான் இருந்தது. தமிழில் இதற்குக் கையாடல் என்று அழகான சொல் இருக்கிறது. கையில் இருந்ததைத்தான் கையாட முடியும். காசாளர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்ற செய்தியை மொழிபெயர்க்கும்போது தெஃப்ட் என்று போடாதீர்கள். எம்பெஸில்மென்ட் என்றோ மிஸ்அப்ரோப்ரியேஷன் என்றோ போடுங்கள். முதலாவது இங்கிலாந்து, அமெரிக்கா வழியில் வந்த சொல். இரண்டாவதுதான் நம் சட்டத்தில் இருப்பது.

சீட்டிங்கை, அதாவது ஏமாற்றிப் பறிப்பதை, இதிலிருந்து பிரிக்க ஒரு கேள்வி போதும்: கெட்ட எண்ணம் எப்போது வந்தது? சீட்டுப் பிடிக்கிறேன் என்று வந்தவர் முதல் நாளே ஓடிப்போகும் திட்டத்தோடு வந்திருந்தால் சீட்டிங். இரண்டு வருடம் ஒழுங்காக நடத்திவிட்டு, கையில் சேர்ந்த பணத்தைப் பார்த்து அப்புறம் மனம் மாறியிருந்தால் பிரீச் ஆஃப் டிரஸ்ட். பணத்தை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான், நீதிமன்றத்துக்கு ஒன்றில்லை. போகிற போக்கில் ஒன்று: சீட்டிங்குக்குப் பேர்போன 420 இப்போது 318. ஆனால் யாரும் யாரையும் 'சரியான 318' என்று திட்டப் போவதாகத் தெரியவில்லை.

எக்ஸ்டார்ஷனில் பொருளைக் கொடுப்பது நீங்களேதான், ஆனால் பயந்து கொடுக்கிறீர்கள். தெஃப்டில் சம்மதமே இல்லை. இங்கே சம்மதம் மாதிரி ஒன்று இருக்கிறது, அது மிரட்டி வாங்கப்பட்டது. 'பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி ஊரெல்லாம் அவதூறு பரப்புவேன்' என்பது எக்ஸ்டார்ஷன். பேச்சு வழக்கில் பிளாக்மெயில் என்போம். இங்கிலாந்தில் பிளாக்மெயில் என்பதே 1968ஆம் ஆண்டின் தெஃப்ட் சட்டத்தில் உள்ள குற்றத்தின் பெயர். நம் நாட்டில் அது வெறும் பேச்சு வழக்கு, சட்டப் பெயர் எக்ஸ்டார்ஷன். தமிழ்ச் செய்திகளில் 'மாமூல் கேட்டு மிரட்டல்' என்று வருவதும் இந்த வகைதான்.

இனி ராபரி. இது தனியான ஒரு குற்றம் இல்லை. தெஃப்டோ எக்ஸ்டார்ஷனோ முற்றிப்போனால் ராபரி. தெஃப்ட் செய்வதற்காகவோ பொருளைக் கொண்டுபோவதற்காகவோ ஒருவரை அடித்தாலும், கட்டிப்போட்டாலும், அந்தக் கணமே அடிப்பேன், கொல்வேன் என்று பயமுறுத்தினாலும் அது ராபரி. எக்ஸ்டார்ஷனும் ஆள் எதிரில் நின்று, உடனடி ஆபத்தைக் காட்டி நடந்தால் ராபரி. இந்த 'உடனடி'யைக் காட்ட மெக்காலே இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். முதலாவது: நெடுஞ்சாலையில் ஒருவர் தன் குழந்தையோடு வருகிறார். வழிமறிப்பவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பணப்பையைக் கொடுக்காவிட்டால் பள்ளத்தில் வீசிவிடுவேன் என்கிறான். இது ராபரி. இரண்டாவது: ஒருவனிடமிருந்து தகவல் வருகிறது, 'உன் குழந்தை என் ஆட்களிடம் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்'. இது எக்ஸ்டார்ஷன். குழந்தை அந்த நிமிடமே செத்துவிடும் என்ற பயத்தை உண்டாக்கியிருந்தால் மட்டுமே ராபரியாகும். இரண்டிலும் அதே குழந்தை, அதே பணம், அதே கொலை மிரட்டல். நேரமும் தூரமும்தான் சொல்லை மாற்றுகின்றன.

தண்டனையிலும் இந்த ஏற்றம் தெரியும். சாதாரணத் தெஃப்டுக்குப் பொதுவாக உச்சபட்சம் 3 ஆண்டு. ராபரிக்கு 10 ஆண்டு. அதையே நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் செய்தால் 14. தமிழில் வழிப்பறி என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட இதுதான்.

சரி, பைக்கில் வந்து செயினை அறுத்துக்கொண்டு போகிறானே, அது தெஃப்டா ராபரியா? நீண்ட காலம் இது இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியது. அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கழுத்தில் கீறல் விழுந்தால் மட்டும் ராபரி என்று வாதாடலாம். 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஸ்நாட்சிங் என்று இதற்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது. திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ பறிப்பது என்று அதற்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். செயின் பறிப்பு என்ற தமிழ்ச் செய்திக்கு இப்போது தயங்காமல் ஸ்நாட்சிங் என்று எழுதலாம்.

டகாய்ட்டி நம் மண்ணின் சொல், இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. லண்டன் நாளிதழில் உள்ளூர்ச் செய்தியில் இதைத் தேடினால் கிடைக்காது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ராபரி செய்தால், செய்ய முயன்றால், அது டகாய்ட்டி. நான்கு பேர் துப்பாக்கியோடு பேங்கில் புகுந்தால் அது ராபரி மட்டுமே, ஐந்தாவது ஆள் வெளியே வண்டியோடு நின்று உதவினால் டகாய்ட்டி. ஆயுள் தண்டனை வரை போகும். சட்டத் தமிழில் கூட்டுக்கொள்ளை.

'கொள்ளையடிக்கத் திட்டமிட்டுப் பதுங்கியிருந்த 5 பேர் கைது' என்ற செய்தியை எத்தனை முறை படித்திருப்பீர்கள்? ஏன் பெரும்பாலும் ஐந்து பேர், அல்லது ஆறேழு பேர் என்று யோசித்ததுண்டா? பொதுவாகக் குற்றத்துக்குத் தயார் செய்வது மட்டுமே தண்டனைக்குரியதல்ல. திருடலாம் என்று நினைத்துக் கையில் கம்பியோடு உட்கார்ந்திருப்பவன் மீது தெஃப்ட் வழக்குப் போட முடியாது. டகாய்ட்டி அதற்கு விதிவிலக்கு. அதற்குத் தயாராவதும் குற்றம், அதற்காகக் கூடுவதும் குற்றம். ஆனால் டகாய்ட்டி என்றால் ஐந்து தலை வேண்டும். அதனால்தான் அந்தச் செய்தியில் எப்போதும் ஐந்தாவது ஆள் இருக்கிறார். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

தக் என்ற சொல்லும் இதே வழியில் ஆங்கிலத்துக்குப் போனதுதான். 1860 சட்டத்தில் தக் என்றால் கொலையோடு சேர்த்து வழிப்பறி செய்வதையோ குழந்தைகளைக் கடத்துவதையோ தொழிலாகக் கொண்டவர்களோடு வாடிக்கையாகச் சேர்ந்திருப்பவன். இன்றைய ஆங்கிலத்தில் அது சாதாரண ரவுடிக்குச் சுருங்கிவிட்டது. 2024இல் சட்டத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

பர்க்ளரிக்கு வருவோம். மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் இது. பழைய ஆங்கில வழக்குச் சட்டத்தில் பர்க்ளரி என்றால் ராத்திரியில், ஒருவர் குடியிருக்கும் வீட்டை உடைத்து உள்ளே நுழைவது, அதுவும் பெருங்குற்றம் ஒன்றைச் செய்யும் எண்ணத்தோடு. ராத்திரி எது என்பதற்கே ஒரு சோதனை வைத்திருந்தார்கள்: பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை அடையாளம் காண முடியாவிட்டால் ராத்திரி. நிலா வெளிச்சம் கணக்கில் வராது. பிற்பாடு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1968ஆம் ஆண்டின் தெஃப்ட் சட்டம் ராத்திரியையும் உடைப்பதையும் தூக்கிவிட்டது. இன்று இங்கிலாந்தில், அனுமதியில்லாமல் ஒரு கட்டடத்துக்குள் திருடும் எண்ணத்தோடு நுழைந்தாலே பர்க்ளரி. திறந்த கதவு வழியாகப் பட்டப்பகலில் போயிருந்தாலும் சரி. ஒன்றுமே கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியிருந்தாலும் சரி.

நம் சட்டத்தில் பர்க்ளரி என்ற பெயரில் குற்றமே கிடையாது. ஹவுஸ்பிரேக்கிங் என்கிறது. அதன் முதல் உதாரணமே, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாகக் கையை உள்ளே விடுவது. கன்னம் வைப்பது என்று நம் பாட்டிமார் சொன்ன அதே வேலை! கன்னக்கோல் என்று அதற்குத் தனிக் கருவியே இருந்தது. இவ்வளவு துல்லியமான சொல்லை வைத்திருந்த நாம் இப்போது எல்லாவற்றையும் கொள்ளையில் போட்டுவிட்டோம். 'பூட்டிய வீட்டின் கதவை உடைத்து 50 பவுன் நகை கொள்ளை' என்று தமிழில் வரும். அதை அப்படியே ராபரி என்று ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் 'ஐயோ, வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று' என்று பதறுவார். வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் திருப்பதி போயிருந்தார்கள். இது பர்க்ளரி அல்லது ஹவுஸ்பிரேக்கிங். ஆள் மீது பலமோ பயமோ பிரயோகிக்காமல் ராபரி கிடையாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே உங்கள் மொழிபெயர்ப்பு பல நாளிதழ்களைவிடச் சரியாக இருக்கும்.

இது வெறும் சொல் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம், பணத்திலும் போய் முட்டும். கடைச் சரக்குக்கு எடுக்கும் பர்க்ளரி இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பலவந்தமாக உள்ளே நுழைந்த அல்லது வெளியேறிய அடையாளம் வேண்டும் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். 2004இல் இப்படிப்பட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சரக்கு திருடு போனது உண்மை, ஆனால் பூட்டு உடைக்கப்பட்டதற்கோ வன்முறைக்கோ சான்று இல்லை. பாலிசியின் வாசகப்படி அது வெறும் தெஃப்ட், பணம் கிடைக்காது என்று தீர்ப்பானது. கடை வைத்திருப்பவர்கள் பாலிசியில் தெஃப்ட் என்ற சொல் தனியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனை சொற்கள் எப்படி வந்து சேர்ந்தன என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல், தெஃப்ட், மர்டர் எல்லாம் ஆங்கிலத்தின் சொந்த வேர்ச் சொற்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றங்களில் பிரெஞ்சு புகுந்தது. ராபரி, லார்செனி (திருட்டுக்கான பழைய சட்டச் சொல்), அசால்ட், பெயில் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டும், வக்கீல்கள் பிரெஞ்சுச் சொற்களை விடவில்லை. ஒரே பொருளில் இரண்டு சொற்கள் நின்றால் காலப்போக்கில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொள்ளும். ஒரே தெருவில் இரண்டு டீக்கடை வந்தால் ஒன்று பஜ்ஜிக்கும் ஒன்று சுக்குக் காபிக்கும் பேர் வாங்குவதுபோல.

அடுத்து ஹோமிசைட். மனிதன் மனிதனைக் கொல்வது என்பதற்கு மேல் இந்தச் சொல்லில் எதுவும் இல்லை. குற்றம் என்ற வாசனைகூட இல்லை. தற்காப்புக்காகக் கொன்றாலும் ஹோமிசைட்தான். அதில் குற்றமானது கல்பபிள் ஹோமிசைட். அதற்குள் மிகக் கொடியது மர்டர். எல்லா மர்டரும் கல்பபிள் ஹோமிசைட், எல்லாக் கல்பபிள் ஹோமிசைடும் மர்டர் ஆகாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். மர்டர் அளவுக்குப் போகாததை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேன்ஸ்லாட்டர் என்பார்கள். நம் நாட்டு வழக்குக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள், நம் சட்டத்தில் அது இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்மைப்போலவே கல்பபிள் ஹோமிசைட் என்கிறார்கள்.

எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாகிறது? 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படைக் கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக்கொன்றார். கடுமையான, திடீர்த் தூண்டுதலில் தன்னை இழந்து கொன்றால் அது மர்டர் ஆகாது என்று சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. அவர் தரப்பு அதையும் பிடித்துக்கொண்டது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் மர்டர் என்று தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் அதை உறுதிசெய்தபோது கடிகாரத்தைப் பார்த்தது. மனைவி விஷயத்தைச் சொன்ன பிறகு நானாவதி அவரையும் குழந்தைகளையும் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கினார். அப்புறம்தான் அகுஜாவைத் தேடிப் போனார். வீட்டை விட்டுக் கிளம்பியது மதியம் 1:30, சுட்டது 4:20. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கோபம் தணிந்திருக்க வேண்டும், திட்டமிட்டே போயிருக்கிறார், ஆகவே மர்டர் என்றது தீர்ப்பு. வீட்டில் கேட்ட அந்த நிமிடத்திலேயே நடந்திருந்தால் சொல்லே மாறியிருக்கலாம்.

அசாசினேஷன் என்பது சட்டச் சொல் இல்லை. அரசியல் காரணத்துக்காகவோ, பதவி, செல்வாக்கு காரணமாகவோ ஒரு முக்கியப் புள்ளியைக் குறிவைத்துக் கொல்வது. காந்தி, கென்னடி, ராஜீவ் காந்தி. வட்டிக்கடைக்காரரைக் கூலிப்படை வைத்துக் கொன்றால் அது மர்டர்தான். விபத்தில் சாகடித்தால் மர்டரும் இல்லை, கல்பபிள் ஹோமிசைடும் பொதுவாக இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற தனிக் குற்றம். குடித்துவிட்டுத் தாறுமாறாக ஓட்டி நடைபாதையில் ஏற்றினால் மட்டும் போலீஸ் கல்பபிள் ஹோமிசைட் போடுவதைச் செய்திகளில் பார்க்கலாம். ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினான் என்பது அதன் வாதம்.

அசால்ட் பலருக்கும் அதிர்ச்சி தரும். நம் சட்டத்தில் அசால்ட் செய்ய ஆளைத் தொடவே வேண்டாம். அடிக்கப் போகிறான் என்று எதிராளி நினைக்கும்படி முஷ்டியை மடக்கி ஆட்டினால் அசால்ட். கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்க ஆரம்பித்தால் அசால்ட். தொட்டுவிட்டால் அது கிரிமினல் ஃபோர்ஸ், வலித்தால் ஹர்ட், எலும்போ பல்லோ உடைந்தால் கிரீவஸ் ஹர்ட். உடைசல் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நாட்கள் கடும் வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ கிரீவஸ் ஹர்ட் ஆகும். பழைய சட்டத்தில் அது 20 நாள், இப்போது 15. அன்றாட ஆங்கிலத்தில் அசால்ட் என்றால் அடித்தது என்றே பொருள் கொள்வார்கள், நாளிதழுக்கு அது போதும். எஃப்.ஐ.ஆரையோ தீர்ப்பையோ மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் மட்டும் 'தாக்கினார்' என்று உடனே எழுதிவிடாதீர்கள். கை ஓங்கியதாக மட்டும் இருக்கலாம்.

நீதிமன்றத்துக்குள் போனபின் வரும் சொற்களை வேகமாகப் பார்க்கலாம். விசாரணைக்கு முன்பே, குற்றச்சாட்டு பதியும் அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டால் டிஸ்சார்ஜ். விசாரணை நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால் அக்விட்டல். தமிழில் இரண்டையும் 'விடுவிப்பு', 'விடுதலை' என்று கலந்துகட்டி எழுதுகிறோம். அக்விட்டல் வாங்கியவரை, தீர்ப்பு நிற்கும்வரை, அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் வாங்கியவர் மீது புது ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பலாம்.

பெயில் பெரும்பாலும் தீர்ப்புக்கு முந்தையது. கூப்பிடும்போது வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே விடுவது. அந்த உறுதியை எழுதிக்கொடுக்கும் பத்திரம் பாண்ட், அவருக்காகப் பொறுப்பேற்கும் ஆள் ஷூரிட்டி. தமிழில் ஜாமீன் கிடைத்தது, ஜாமீன் கொடுத்தார், ஜாமீன் நின்றார் என்று ஒரே சொல்லை வைத்து மூன்றையும் சமாளிக்கிறோம். பேச்சில் அது பிரச்சினையே இல்லை, ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் பிரிக்க வேண்டும். தண்டனை பெற்றவருக்கும் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பெயில் கிடைக்கலாம்.

பரோல் தண்டனைக்குப் பிந்தையது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'வாக்கு' என்று பொருள். தப்பி ஓட மாட்டேன் என்று போர்க்கைதி கொடுக்கும் சத்தியத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் பரோல் என்றால் தண்டனைக் காலம் முடியும் முன்பே, கண்காணிப்போடு வெளியே வாழ விடுவது. ஒழுங்காக இருந்தால் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. நம் நாட்டில் பரோல் என்றால் தாய் இறந்தார், மகள் கல்யாணம் என்று சில நாள் போய்விட்டு வருவது. ஆங்கிலப் படத்தில் 'பரோல் கிடைத்தது' என்று ஒருவர் மகிழ்வதையும் நம் ஊர்ச் செய்தியையும் ஒன்றாக நினைத்தால் குழம்பும். ஃபர்லோ என்று இன்னொன்று, மகாராஷ்டிரா, குஜராத் செய்திகளில் அடிக்கடி வரும். நீண்ட தண்டனை அனுபவிப்பவர்களுக்குக் காரணம் எதுவும் கேட்காமல் அவ்வப்போது கொடுக்கும் விடுப்பு. ஃபர்லோவில் வெளியே இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியும், பரோல் நாட்கள் பொதுவாகக் கழியாது. தமிழ்நாட்டுக் கைதிகளுக்கு வழங்குவதை நாம் எல்லாரும் பரோல் என்றாலும், 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் அதன் பெயர் வெறும் லீவ். ஆர்டினரி லீவ், எமர்ஜென்சி லீவ் என்று இரண்டு வகை.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் பரோல் பக்கத்தில் எப்போதும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு ஜோடி: ரெமிஷன், கம்யூட்டேஷன். தமிழ்ச் செய்தியில் இரண்டுமே தண்டனைக் குறைப்புதான். தண்டனையின் வகையை மாற்றினால் கம்யூட்டேஷன், வகை அப்படியே இருக்க அனுபவிக்க வேண்டிய காலத்தை மட்டும் குறைத்தால் ரெமிஷன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்குத் தண்டனையை 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாக மாற்றியது கம்யூட்டேஷன். மறுநாள் அவர்களை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு ரெமிஷன். அடுத்தடுத்த நாளில் நடந்ததால் இரண்டையும் ஒன்றாகவே எழுதினார்கள். ஆனால் அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்த சண்டை முழுக்க இரண்டாவதைப் பற்றியதுதான், அந்த அதிகாரம் மாநிலத்துக்கா மத்திய அரசுக்கா என்று.